ஏழு பிரதியும் ஒரு கையெழுத்தும்

லூயிஷாம், லண்டன்
11.08.2024

அன்புள்ள மலர் மச்சாளுக்கு நாகேஸ்வரி எழுதிறது.

நானும் லக்‌ஷிகாவும் சுகமாய் இருக்கிறம். உங்கடை முழங்கால் நோ எப்பிடி? அமெரிக்காவிலை டொக்டர்மார் எடுத்த உடனை வெட்டுறதைப் பற்றித்தான் கதைப்பினமாம். அவசரப்பட்டு ஓமெண்டு சொல்லிப்போடாதேங்கோ.

போன் எடுக்காமல் ஏன் கடிதம் எழுதிறாள் எண்டு யோசிப்பியள். போனிலை இவற்றை கதையை எடுத்தால் நீங்கள் உடனை பிள்ளையின்ரை படிப்பைக் கேட்டு வேறை பக்கம் கொண்டுபோயிடுவியள். நாலைஞ்சு தரம் பாத்திட்டன். கடிதத்திலை அப்பிடி வெட்டிக்கொண்டு ஓட ஏலாது.

விசயம் இதுதான். உங்கடை தம்பியை ஆமிக்காரர் விசாரிச்சிட்டு விடுறமெண்டு பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போய் இந்த வைகாசியோடை பதினைஞ்சு வருஷம். ஒரு ஆள் ஏழு வருஷத்துக்கு மேலை ஒரு தகவலும் இல்லாமல் இருந்தால், அவர் இறந்திட்டார் எண்டு இஞ்சத்தைக் கோட் உத்தரவு குடுக்குமாம். வெம்பிளியிலை அனோஜினி எண்டு ஒரு சொலிசிட்டர் பிள்ளை சொன்னவ. ஞானேஸ்வரன் எண்டு கோயிலிலை பழக்கமான ஒருத்தர் தன்ரை வானிலை அங்கை கூட்டிக்கொண்டு போனவர். சில அலுவல்களுக்கு எனக்கு அந்த உத்தரவு வேணும்.

கூடப்பிறந்தவை எண்டு இப்ப இருக்கிறது நீங்கள் ஒராள்தான். 2009க்குப் பிறகு தம்பியைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கேல்லை எண்டு நீங்கள் ஒரு வாக்குமூலத்திலை கையெழுத்து வைச்சுத் தரோணும். அனோஜினி அடிச்சுத் தந்த பேப்பரை இதோடை வைச்சிருக்கிறன். மூண்டு பந்திதான்.

பங்குனியிலை இவற்றை பேரும் நட்சத்திரமும் எழுதி நீங்கள் அனுப்பின கார்ட்டைக் குடுத்து, வழமை போலை இவற்றை நட்சத்திரத்துக்குச் சிவன் கோயிலிலை அர்ச்சனை செய்தனான். அதிலை ஒரு வருஷமும் குறை விடேல்லை.

உங்கடை பதிலைப் பாத்துக்கொண்டிருக்கிற,
நாகேஸ்வரி


அமெரிக்கா
09.09.2024

அன்பின் நாகேஸ்,

உம்மடை கடிதம் கிடைச்சு மூண்டு கிழமையாகுது. பிந்தினதுக்குக் குறை நினையாதேயும். முழங்கால் பரவாயில்லை, வெட்டுக்கு நான் இன்னும் ஓம் சொல்லேல்லை. லக்‌ஷிகாவுக்கு யூனிவேர்சிட்டி அப்ளிகேசன் வருகுதெல்லோ, சாப்பிடாமல் கிடந்து படிக்க விடாதேயும்.

இஞ்சை சனாதிபதி எலெக்சன் வருகுது. எங்கடை மாநில எலெக்சன் ஒவ்வீஸிலை ஆக்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. யூலையிலை உங்கை எலெக்சன் நடக்கேக்கை பள்ளிக்கூட மண்டபத்திலை இருந்து வோட் போட வாறவையின்ரை பேருக்குக் கோடு அடிச்சனான் எண்டு பெரிய எடுப்பாய்ச் சொன்னனீர். இஞ்சை வேறை மாதிரி. சனம் சனாதிபதிக்கு வோட் போடுறம் எண்டு நினைக்குது. உண்மையிலை போடுறது தெரிவாளர் எண்டு சொல்லுற ஆக்களுக்கு. எங்கடை மாநிலத்துக்குப் பத்துப் பேர். ஒவ்வொரு கட்சியும் தன்ரை பத்துப் பேரையும் எங்களிட்டை முற்கூட்டி எழுதித் தரோணும். எந்தக் கட்சி வெல்லுதோ அந்தப் பத்துப் பேரும் மார்கழியிலை கூடி வோட் போட்டால்தான் கணக்கு. அந்த லிஸ்ட்டுகளை வாங்கி, விலாசம் பாத்து, பூட்டி வைக்கிறது என்ரை பொறுப்பு. கோழிப்பண்ணை வைச்சிருக்கிற ஒரு மனுசி தன்ரை பேர் இருக்கோ எண்டு மூண்டு தரம் போன் எடுத்திட்டா. கோட்டுத் தைக்கக் குடுக்கிறதோ இல்லையோ எண்டு தெரியோணுமாம்.

அனுப்பின பேப்பர் கிடைச்சது. ஆறுதலாய் வாசிச்சிட்டு எழுதிறன்.

இப்படிக்கு
தவமலர்


லூயிஷாம்
22.09.2024

அன்புள்ள மலர் மச்சாளுக்கு,

கடிதம் கிடைச்சது. வெட்டுக்கு ஓம் சொல்லாதது நல்லது. இஞ்சை குளிர் தொடங்கிட்டுது, எனக்குத் தோள்மூட்டு உளைவு. ஸ்கூல் கிச்சினிலை பெரிய சட்டியள் தூக்கிற வேலை, அது தன்பாட்டிலை வரும் போகும்.

கோழிப்பண்ணை மனுசியின்ரை கதையை வாசிச்சு லக்‌ஷிகா சிரிச்சவள். நான் சிரிக்கேல்லை. மூண்டு பந்திப் பேப்பரை வாசிக்க உங்களுக்கு ஆறுதல் வேணுமெண்டு எழுதியிருக்கிறியள். நாள் முழுக்கப் பேப்பர் வாசிக்கிற உத்தியோகம் உங்களுக்கு.

முதல் கடிதத்திலை சில அலுவல்கள் எண்டு எழுதினது என்ரை பிழை. உங்களிட்டை ஒளிச்சு வைக்க எனக்கு விருப்பமில்லை. வானிலை கூட்டிக்கொண்டு போனவர் எண்டு சொன்னனே, அந்த ஞானேஸ்வரன் என்னைக் கலியாணம் செய்யக் கேட்டவர். நான் ஓமெண்டு சொன்னனான். சுவிஸிலை இருந்து வந்தவர், மோர்டனிலை இருக்கிறார், வயறிங் வேலை. மனுசி கான்சரிலை போய் அஞ்சு வருஷம், பிள்ளையள் இல்லை. கன கதை கதைக்கமாட்டார். எங்கடை வீட்டிலை பியூஸ் போனால் வருவார், திருத்துவார், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவார். லக்‌ஷிகா அவரை அங்கிள் எண்டுதான் கூப்பிடுறாள். நல்ல மனுசன் எண்டும் சொல்லிறாள்.

எனக்கு நாப்பத்தாறு வயசு. இருபத்தெட்டிலை கலியாணம் கட்டி மூண்டு வருஷம் இவரோடை இருந்தனான். தாலி இண்டைக்கும் கழுத்திலை கிடக்கு. கட்டினவர் இருக்கிறார் எண்டும் ஆரும் சொல்லினமில்லை, இல்லை எண்டும் சொல்லினமில்லை. கோட் இல்லை எண்டு சொன்னால்தான் நான் மற்றவருக்குக் கழுத்தை நீட்டலாம். அது உங்கடை ஒரு கையெழுத்திலை நிக்குது.

கோவிக்காதேங்கோ. கோவிச்சாலும் பேப்பரை அனுப்பிப்போட்டுக் கோவியுங்கோ.

அன்புடன்
நாகேஸ்வரி


அமெரிக்கா
20.10.2024

அன்பின் நாகேஸ்,

தோளுக்குச் சுடுதண்ணிப் போத்தல் வைச்சுப் பாரும். பாரம் தூக்க வேறை ஆக்கள் இல்லையோ எண்டு மனேஜரிட்டைக் கேளும்.

நான் கோவிக்கேல்லை. ஞானேஸ்வரன் நல்ல ஆள் எண்டால் எனக்குச் சந்தோசம். மனசார எழுதிறன். கொஞ்ச நேரம் அழுதனான், அதையும் ஒளிக்கேல்லை.

எலெக்சனுக்கு ரண்டு கிழமை இருக்கு. வோட் எண்ணி முடிய ஒவ்வொரு கவுண்டியும் தன்ரை கணக்கை எங்களுக்கு அனுப்பும். எல்லாத்தையும் கூட்டிச் சரிபார்த்து, ஒரு சான்றிதழ் அடிப்பம். அதிலை கவர்னர் கையெழுத்து வைப்பார், மாநிலத்தின்ரை முத்திரை குத்துவம். தெரிவாளர்கள் கூடுறதுக்கு ஆறு நாள் முன்னம் அது வெளியாகோணும், இந்த முறை மார்கழி பதினோராம் திகதி. கள்ளமாய் அடிக்க ஏலாத ஒரு அடையாளமும் பேப்பரிலை இருக்கோணும் எண்டு இப்ப புதுச்சட்டம். ஏழு மூலப்பிரதி. ஒண்டு வாஷிங்டனுக்குப் போகும், மற்ற ஆறும் தெரிவாளரின்ரை கைக்குப் போகும். அதிலை தோத்தவையின்ரை பேரையும் எழுதவேணும், அது உமக்குத் தெரியுமோ? தோத்த கட்சியின்ரை பத்துப் பேர், அவைக்கு எத்தினை வோட் எண்டு எல்லாம் வரும். வெண்டவையை மட்டும் எழுதினால் அது அரைக் கணக்கு.

உம்மடை பேப்பரிலை ஒண்டு கேக்கோணும். அந்த இரண்டாம் பந்தி, ஒரு தகவலும் கிடைக்கேல்லை எண்டு வாற பந்தி, கட்டாயம் வேணுமோ? அதை எடுத்துப்போட்டு மிச்சத்தை அடிச்சு அனுப்பச் சொல்லும். உடனை கையெழுத்து வைக்கிறன்.

தவமலர்


லூயிஷாம்
03.11.2024

மலர் மச்சாளுக்கு,

சுகமாய் இருப்பியள் எண்டு நம்பிறன். நாளையிண்டைக்கு உங்களுக்கு எலெக்சன். எல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

அனோஜினியிட்டைக் கேட்டனான். அந்தப் பந்தியை எடுத்தால் பேப்பரிலை ஒண்டும் மிஞ்சாது ஆண்டி எண்டு சொன்னாள். அதுதான் முழு வழக்கும். சகோதரம் எதிர்த்தால் கோட்டிலை வந்தும் சொல்லலாமாம். உங்கடை மச்சாள் எதிர்க்கிறாவோ எண்டு கேட்டாள். வானுக்குள்ளை வந்து இருந்து அழுதனான். நான் அழுது முடியுமட்டும் ஞானேஸ்வரன் வானை ஸ்டார்ட் பண்ணேல்லை.

இப்ப நான் கேக்கிறன். எதிர்க்கிறியளோ? மாமி இருக்கும்வரைக்கும் தன்ரை மோன் வருவான் எண்டு விளக்கு வைச்சவ. தாய் மனசு, நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் நீங்கள் படிச்ச ஆள். ஒரு மாநிலத்திலை ஆர் வெண்டது, ஆர் தோத்தது எண்டு நாள் குறிச்சுச் சொல்லுறியள். உங்கடை தம்பி இருக்கிறாரோ இல்லையோ எண்டு சொல்ல மட்டும் உங்களுக்கு நாள் வருகுதில்லை. நான் ஒண்டு கேட்டால் நீங்கள் கவர்னரின்ரை முத்திரையைப் பற்றி எழுதிறியள்.

போன வெள்ளி கோயிலுக்குப் போனனான். கவுன்டரிலை புதுசா ஒரு பிள்ளை. இவற்றை பேருக்கு ஒரு அர்ச்சனை எண்டு கேட்டன். பேரை வாயாலை சொல்லிப் பழக்கமில்லை, உங்கடை பழைய கார்ட்டைத்தான் காட்டினனான். அவள் எங்கடை ஆக்களின்ரை கதை தெரிஞ்ச பிள்ளை போலை. "ஆண்டி, சாதாரண அர்ச்சனையோ, மோட்ச அர்ச்சனையோ?" எண்டு கேட்டாள். உயிரோடை இருக்கிறவைக்கு நட்சத்திரம், போனவைக்குத் திதி. எனக்குப் பின்னாலை வரிசை நிண்டது. நான் ரண்டும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் வேணும் மச்சாள்.

நாகேஸ்வரி


அமெரிக்கா
24.11.2024

நாகேஸ்,

நான் எதிர்க்கேல்லை. அதை மட்டும் இப்ப நம்பும். கவுண்டிக் கணக்குகள் வந்துகொண்டிருக்கு, இரவு பகலில்லாத வேலை. பதினோராம் திகதி முடிய எழுதிறன். உடம்பைப் பாத்துக்கொள்ளும்.

தவமலர்


அமெரிக்கா
12.12.2024

அன்பின் நாகேஸ்வரி,

நீரும் பிள்ளையும் சுகமாய் இருக்கோணும். இந்தக் கடிதத்தை இருந்து வாசியும். வேலைக்குப் போற அவசரத்திலை உடைக்காதேயும்.

நேற்றுக் கவர்னர் ஏழு பிரதியிலும் கையெழுத்து வைச்சார். முத்திரையை நான்தான் அழுத்தினனான். பின்னேரம் வாஷிங்டனுக்குப் போட்டுது. என்ரை வேலை முடிஞ்சுது. இனி நான் உமக்குச் சொல்ல வேண்டியது.

கணக்குகள் கூட்டிக்கொண்டிருக்கேக்கை தெற்கிலை ஒரு சின்னக் கவுண்டியின்ரை தொகை இடிச்சுது. வோட் போட வந்த ஆக்கள் கூட, எண்ணின வோட் நாப்பத்தொண்டு குறைவு. போன் எடுத்தன். அங்கத்தை கிளார்க் நல்ல மனுசி, இருபது வருஷம் எனக்குத் தெரியும். முதல் மழுப்பினா. பிறகு சொன்னா, கணக்கு அனுப்பின பிறகு ஒரு பெட்டியின்ரை தாள் தன்ரை மேசையிலை அகப்பட்டதாம். அதுக்கிடையிலை முடிவு எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுது, நாப்பத்தொண்டாலை ஒண்டும் மாறாது, வெக்கத்திலை மேசை லாச்சிக்குள்ளை போட்டுப் பூட்டி வைச்சிட்டாவாம். எனக்கு வந்த கோவம். "முடிவு மாறுமோ மாறாதோ எண்டு பாக்கிறது உங்கடை வேலை இல்லை. கையிலை இருக்கிற தாளை அனுப்பிறதுதான் உங்கடை வேலை" எண்டு கத்திப்போட்டன். மனுசி அழுதிட்டா. தாள் அண்டைக்கே வந்தது.

என்ரை வீட்டு லாச்சியிலையும் ஒரு தாள் கிடக்கு நாகேஸ். பதினொரு வருஷமாய்க் கிடக்கு.

2013 ஐப்பசியிலை பாரிஸிலை இருந்து ஒரு கடிதம் வந்தது. கிறிஸ்துராஜா எண்டு மன்னார் ஆள். தம்பியும் அவரும் ஒரே இடத்திலை அடைபட்டிருந்தவையாம். எந்த இடமெண்டு அவருக்கே தெரியாது, கண்ணைக் கட்டித்தான் கொண்டுபோனது. நீர் அப்ப முகாமிலை, உமக்கு விலாசம் இல்லை. அதாலை தம்பி என்ரை விலாசத்தை அவருக்குப் பாடமாக்கிக் குடுத்திருக்கிறான். தம்பிக்குக் காய்ச்சல் வந்து, மருந்தில்லாமல், ஒன்பதாம் நாள் போனவனாம். கிறிஸ்துராஜாதான் கண்ணை மூடிவிட்டவர். அங்கை கலண்டர் இல்லை. அவர் வேதக்காரர், திருநாளுகளை வைச்சு நாள் எண்ணினவராம். மாதா பிறந்த திருநாள் முடிஞ்சு ரண்டாம் நாள் எண்டு எழுதியிருக்கிறார். 2009 புரட்டாதி மாசம், இங்கிலீசுக்குச் செப்டெம்பர் பத்தாம் திகதி.

கடைசி நாளுகளிலை தம்பி ஒண்டைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவனாம். பிள்ளையின்ரை காலிலை செல் குண்டுத் துண்டு பட்ட காயம் ஆறி மாறியிருக்குமோ எண்டு.

அம்மா அப்ப உயிரோடை. அவவுக்குத் தெரிஞ்சால் அண்டைக்கே போயிடுவா எண்டு பயந்தன். உமக்குச் சொன்னால் அவவுக்குத் தெரியாமல் நீர் எப்பிடிப் பொட்டு வைச்சுக்கொண்டு திரிவீர்? அவ போனாப்பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். 2019இலை அவ போனா. பிறகு எந்த முகத்தோடை சொல்லுறது? ஒவ்வொரு பங்குனியும் கார்ட்டிலை அவன்ரை நட்சத்திரத்தை எழுதேக்கை எனக்குக் கை கூசும். எழுதாமல் விட்டால் நீர் கண்டுபிடிச்சிடுவீர் எண்டு எழுதினனான். இன்னொண்டும் இருக்கு. நீர் எங்கடை வீட்டு ஆளாய்க் கடைசிவரைக்கும் இருக்கோணும் எண்ட ஆசை. அதை மறைச்சால் இந்தக் கடிதமும் அரைக் கணக்கு.

இப்ப விளங்குதோ ஏன் அந்த இரண்டாம் பந்தியிலை நான் கையெழுத்து வைக்கேல்லை எண்டு. அது பொய். பொய்ப் பேப்பரிலை கையெழுத்து வைச்சு எனக்குப் பழக்கமில்லை. சொல்லாமல் இருந்துதான் பழக்கம்.

மன்னிப்புக் கேக்க எனக்குத் தகுதி இல்லை.

தவமலர்


லூயிஷாம்
29.12.2024

மலர் மச்சாளுக்கு,

சுகம் விசாரிக்க இப்ப எனக்கு மனமில்லை.

உங்கடை கடிதம் இருபதாம் திகதி வந்தது. இருந்து வாசி எண்டு எழுதியிருந்தியள், நிண்டுதான் வாசிச்சன். சட்டி பொங்கி அடுப்பு நூந்ததும் தெரியாது. லக்‌ஷிகா மேலையிருந்து ஓடிவந்தவள். அவளுக்குத் தமிழ்க் கடிதம் முழுக்க வாசிக்க வராது. அவளின்ரை காலைப் பற்றின இடத்தை நான் வாசிச்சுக் காட்டினன். சப்பாத்தைக் கழட்டி, அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டு நிலத்திலை இருந்திட்டாள்.

காயம் அப்பவே மாறிட்டுது மச்சாள். முகாமிலை ஆனி மாசமே மாறிட்டுது. அந்த மனுசன் புரட்டாதிவரைக்கும் அதையே யோசிச்சுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

பதினொரு வருஷம். நீங்கள் அனுப்பின பதினொரு கார்ட்டும் என்னட்டை இருக்கு. செத்த மனுசனுக்கு நான் ஆயுசு கேட்டு அர்ச்சனை செய்திருக்கிறன். பக்கத்து வீட்டுத் தாலிப் பொன்னுருக்குக்கு என்னைக் கூப்பிட்டால், சுமங்கலி எண்டு கூப்பிடினமோ பாவமெண்டு கூப்பிடினமோ எண்டு தெரியாமல் போய் நிண்டிருக்கிறன். என்னைக் காப்பாத்தத்தான் மறைச்சனீங்கள் எண்டு மட்டும் ஒருநாளும் சொல்லிப்போடாதேங்கோ. நீங்கள் அப்பிடி எழுதேல்லை, அதுக்கு மட்டும் நன்றி.

தாலியை நான் கழட்டிட்டன். கோட்டுக்குக் காத்திருக்கேல்லை. ஐயரிட்டைக் கேட்டனான். கேள்விப்பட்ட நாளிலையிருந்துதான் செத்தவீட்டுத் துடக்காம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. தை பத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஆம்பிளைப் பிள்ளை இல்லை, லக்‌ஷிகா தான் செய்யப்போறாள் எண்டு நிக்கிறாள். ஐயர் கொஞ்சம் யோசிச்சிட்டுச் சம்மதிச்சிட்டார்.

கலியாணத்தை வாற சித்திரையிலை வைக்க இருந்தனாங்கள். இனி ஆட்டைத் திவசம் முடியாமல் நான் கட்டமாட்டன் எண்டு ஞானேஸ்வரனிட்டைச் சொன்னனான். உத்தரவு கிடைக்கப்போகுது எண்ட நேரத்திலை ஒரு வருஷம் தள்ளிப்போடுறன், விசரி எண்டு நினைப்பார் எண்டு பயந்தன். சுவிஸிலை விசாவுக்கு ஒன்பது வருஷம் காத்திருந்தவன் நான், இது என்ன எண்டார். அந்தியேட்டிக்குச் சமைக்கப் பெரிய கிடாரம் இரவல் வாங்கித் தாறன் எண்டும் சொன்னார்.

நீங்கள் வாங்கோ எண்டு நான் எழுதேல்லை. வரவேண்டாம் எண்டும் எழுதேல்லை.

நாகேஸ்வரி


அமெரிக்கா
08.01.2025

அன்பின் நாகேஸ்வரி,

உம்மடை கடிதத்தை நாலு தரம் வாசிச்சன். நீர் எழுதினதிலை கூடினது ஒரு சொல்லும் இல்லை.

நேற்று முந்தநாள் வாஷிங்டனிலை எல்லா மாநிலத்தின்ரை வோட்டையும் பிரிச்சு வாசிச்சவை. எங்கடையும் வாசிபட்டுது. ரீவீயிலை பாத்தன். வழமையாய் எனக்கு ஒரு பெருமை வரும், இந்த முறை வரேல்லை.

வாக்குமூலத்தை நானே புதுசா எழுதி, நொத்தாரிசுக்கு முன்னாலை கையெழுத்து வைச்சனான். 2013 ஐப்பசியிலை தகவல் கிடைச்சது, நான் மறைச்சனான் எண்டே எழுதியிருக்கிறன். கிறிஸ்துராஜாவோடை கதைச்சனான். அதே விலாசம், அதே வீடு. தானும் எழுதித் தாறன் எண்டவர். பதினொரு வருஷமாய் ஏன் ஒரு பதிலும் வரேல்லை எண்டு அவர் ஒருக்காலும் கேக்கேல்லை.

அவற்றை கடிதத்தின்ரை மூலத்தையும் வாக்குமூலத்தையும் கூரியரிலை அனுப்பியிருக்கிறன். கையிலை கொண்டுவராதது ஏனெண்டால், நீர் கதவு திறக்காட்டில் அதுகளும் என்னோடை வெளியிலை நிக்கும். பதினாறாம் திகதி ஹீத்ரோவிலை இறங்கிறன். முழங்கால் வெட்டை அதுக்குப் பிறகு வைச்சிருக்கிறன், இந்தக் காலோடை படியேற ஏலும்.

தவமலர்


லூயிஷாம்
20.08.2025

அன்புள்ள மலர் மச்சாளுக்கு,

முழங்கால் வெட்டின பிறகு எப்பிடி நடக்கிறியள்? படியிலை பிடிச்சு ஏறுங்கோ. எனக்குத் தோள் இப்ப சுகம், ஸ்கூல் லீவு. லக்‌ஷிகாவுக்கு அவள் கேட்ட யூனிவேர்சிட்டியே கிடைச்சிட்டுது. உங்களுக்கு மெசேஜ் போட்டிருப்பாள்.

தையிலை நீங்கள் நிண்ட அஞ்சு நாளும் நான் உங்களோடை சரியாய்க் கதைக்கேல்லை. அந்தியேட்டி முடிஞ்சு ஆக்கள் போனாப்பிறகு, அந்தக் காலை வைச்சுக்கொண்டு அண்டாக்கள் முழுக்க ஒராளாய்க் கழுவி அடுக்கினனீங்கள். நான் கதவடியிலை நிண்டு பாத்தனான். அண்டைக்கே கோவம் பாதி போட்டுது. மிச்சம் இருக்கு, ஒளிக்கேல்லை.

கோட் உத்தரவு வந்திட்டுது. பிரதி ஒண்டு இதோடை இருக்கு. இறந்த திகதி எண்ட இடத்திலை 10 செப்டெம்பர் 2009 எண்டு போட்டிருக்கு. உங்கடை வாக்குமூலத்தையும் பாரிஸ்க்காரரின்ரையையும் வாசிச்சிட்டு நீதவான் வேறை ஒண்டும் கேக்கேல்லை எண்டு அனோஜினி சொன்னாள். கீழை கோட்டின்ரை முத்திரை இருக்கு, தடவிப் பாருங்கோ, உங்கடை மாநிலத்து முத்திரை அளவுக்கு ஆழமில்லை.

இந்தப் பங்குனியிலை உங்கடை கார்ட் வரேல்லை. வராதெண்டு தெரிஞ்சும் ஒரு கிழமையாய்க் கதவடியைப் பாத்தன். அந்த வெள்ளி சும்மா கோயிலுக்குப் போனன். அதே பிள்ளைதான் கவுன்டரிலை நிண்டவள். என்னைக் கண்டவுடனை பேனையைப் பிடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டாள். காட்டக் கார்ட் இல்லை. பத்தொன்பது வருஷத்திலை முதல் தரம் இவற்றை பேரை வாயாலை சொன்னன். "மோட்ச அர்ச்சனை" எண்டு சொன்னன். அவள் எழுதினாள்.

ஐயர் பஞ்சாங்கம் பாத்து இவற்றை திதியை எழுதித் தந்தவர். நாங்கள் செப்டெம்பரைப் புரட்டாதி எண்டாலும் பஞ்சாங்கத்துக்கு அது ஆவணி மாசம், அபரபக்கத்துச் சஷ்டி, தேய்பிறை ஆறாம் நாள். இந்த வருஷம் செப்டெம்பர் பன்னிரண்டாம் திகதி வருகுது. லக்‌ஷிகா யூனிவேர்சிட்டிக்குப் போக முன்னம். அண்டைக்குச் சமைக்க ஞானேஸ்வரன் மரக்கறி வாங்கிக்கொண்டு வருவார். கலியாணம் தை முடிய. அதுக்கும் வாங்கோ, இந்த முறை வாங்கோ எண்டு எழுதித்தான் கூப்பிடுறன்.

இனிமேல் நீங்கள் கார்ட் அனுப்ப வேண்டாம் மச்சாள். வருஷா வருஷம் நான் அனுப்பிறன். இந்த வருஷத்தைக் கார்ட்டை இதுக்குள்ளை வைச்சிருக்கிறன், என்ரை கையெழுத்து. ஆரிட்டையும் காட்டக் கூச்சப்படாதேங்கோ. உங்கடை ஊரிலை கோயில் தூரமெண்டால் வீட்டிலை விளக்கை வைச்சிட்டு வாசியுங்கோ:

சண்முகராசா. ஆவணி, அபரபக்க சஷ்டி. பிள்ளையின்ரை காயம் மாறிட்டுது.

உங்கடை மச்சாள்
நாகேஸ்வரி